இரண்டாமவர் இருத்தல் வேண்டும்

போட்டி என்னும் சொல் நமது வீடுகளிலே நாள்தோறும் ஒலிக்கும் சொல்லாகும். பேச்சுப் போட்டி, எழுத்துப் போட்டி, திருக்குறள் மனனப் போட்டி என்று தமிழ்ப் பாடசாலையிலும், புள்ளிகள், வகுப்பேற்றம், கிம்னாசியம் என்று ஜேர்மன் பாடசாலையிலும் நமது பிள்ளைகள் போட்டிக்குள்ளேயே வளர்கின்றனர். இவை யாவற்றிலும் பெரியவர்களாகிய நாம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: யார் முதலாவது? இரண்டாவதாக வந்த பிள்ளையின் பெயரை மறுநாளே மறந்துவிடுகின்றோம்.

இவ்வழக்கம் நன்றா என்பதனைச் சிந்திப்பதற்கு ஏற்ற உதாரணம் ஒன்று ஒவ்வொரு வீட்டின் மேசையிலும் இருக்கின்றது. அது கணனி. கணனிக்கு மூளையாக விளங்கும் நுண்செயலியையும், திரையிலே படங்களைத் தீட்டும் வரைகலை அட்டையையும் ஆக்கும் நிறுவனங்களுக்கிடையே அரை நூற்றாண்டுக்கு மேலாக நடைபெற்றுவரும் போட்டியின் வரலாறு, பெற்றோரும் மாணவரும் ஒருங்கே அறிய வேண்டியதாகும். கணனி இன்று விரைவாகவும் விலை குறைந்தும் கிடைப்பதற்கு முதலிடத்தில் இருந்த நிறுவனத்தின் திறமை மட்டும் காரணமன்று. அந்நிறுவனத்தை உறங்கவிடாத இரண்டாமிட நிறுவனத்தின் விடாமுயற்சியும் சமமான காரணமாகும் என்பதே எனது கருத்து. அவ்வரலாற்றின் முக்கியமான பகுதி நாம் வாழும் இந்த ஜேர்மன் மண்ணிலே, சக்சன் மாநிலத்துத் தலைநகரமாகிய டிறெஸ்டனிலே நிகழ்ந்தது என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.

ஒரு பட்டறையிற் பிறந்த இருவர்

இன்ரெல் நிறுவனம் 1968 ஆம் ஆண்டிலும், ஏ.எம்.டி. நிறுவனம் 1969 ஆம் ஆண்டிலும் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே தோன்றின. இரண்டையும் தொடங்கியவர்கள் அதற்கு முன்னர் பெயார்சைல்ட் என்னும் ஒரே நிறுவனத்திற் பணியாற்றியவர்கள். 1971 இல் இன்ரெல் வெளியிட்ட 4004 என்னும் முதலாவது நுண்செயலியில் ஏறத்தாழ 2300 ரான்சிஸ்ரர்கள் இருந்தன. இன்றைய நுண்செயலிகளிலோ அவை ஆயிரம் கோடிக் கணக்கில் அடங்கியுள்ளன.

1981 இல் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணனியை வெளியிட்டபோது அதற்கு மூளையாக இன்ரெலின் 8088 என்னும் நுண்செயலியைத் தெரிவுசெய்தது. ஆனால், ஒரே ஒருவரிடம் மட்டும் ஓர் உறுப்பை வாங்குவது ஆபத்தென்பதை ஐ.பி.எம். உணர்ந்திருந்தது. அத்தொழிற்சாலையில் ஒரு தடங்கல் ஏற்பட்டாலும், விற்பவர் விலையை உயர்த்தினாலும், வாங்குபவர் கைகட்டி நிற்க வேண்டியதுதான். ஆகவே அதே நுண்செயலியை இன்னொருவரும் ஆக்கித்தர வேண்டும் என்று அது கேட்டது. இதன் பயனாக 1982 இல் இன்ரெலும் ஏ.எம்.டி.யும் உடன்படிக்கை செய்துகொண்டன. இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இரண்டாமவரை அரங்கிற்குக் கொண்டுவந்தது முதல்வரின் பெருந்தன்மையன்று, வாங்குபவரின் முன்யோசனையே.

1985 இல் இன்ரெல் 386 என்னும் புதிய நுண்செயலியை வெளியிட்டபோது அதனைத் தனக்கே வைத்துக்கொண்டது. ஏ.எம்.டி. வழக்காடியது, வழக்கு நீண்டது. வழக்கின் முடிவுக்காக வாளாவிருக்காமல், தானே முயன்று அதற்கு ஒத்த நுண்செயலியொன்றை ஆக்கி 1991 இல் விற்பனைக்கு விட்டது. இன்ரெலின் 386 வகையிற் சிறந்தது 33 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் இயங்கியபோது, பின்னே வந்தது 40 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது.

டிறெஸ்டன் கண்ட இரு காலங்கள்

போட்டி இருந்த இடத்தையும் இல்லாத இடத்தையும் ஒரே நகரிலே ஒப்பிட்டுக் காண வேண்டுமாயின் டிறெஸ்டன் நகரையே காட்ட வேண்டும்.

கிழக்கு ஜேர்மனி தனி நாடாக இருந்த காலத்தில் நுண்மின்னணுத் தொழிலுக்கு அந்நாட்டரசு பெரும் பொருளைச் செலவிட்டது. 1988 செப்ரெம்பரில், டிறெஸ்டனில் உருவாக்கப்பட்ட ஒரு மெகாபிற் நினைவகச் சில்லின் மாதிரி, நாட்டின் தலைவர் ஹொனெக்கரிடம் விழாவெடுத்துக் கையளிக்கப்பட்டது. ஆயினும் அதனைப் பெருந்தொகையாக, மலிவாக ஆக்கிக் கொடுக்க இயலவில்லை. ஏர்பூர்ட் நகரில் ஆக்கப்பட்ட யூ880 என்னும் நுண்செயலி, அமெரிக்க நிறுவனமொன்றின் செட்80 இனைப் பார்த்துச் செய்யப்பட்ட பிரதியாகும். அங்கிருந்த பொறியியலாளர் திறமை குறைந்தவர்களா? இல்லவே இல்லை. மேற்கு நாடுகள் விதித்த தடையினால் நல்ல இயந்திரங்களை வாங்க முடியாமற் போனது ஒரு காரணம். மற்றொன்று, வீட்டிலே போட்டியாளர் இல்லாமை. இந்தச் சில்லு நன்றாயில்லையென்றால் வேறொருவரிடம் வாங்கிக்கொள்கின்றேன் என்று சொல்லும் வாடிக்கையாளர் அங்கில்லை. அத்தகைய இடத்திலே பிரதி எடுப்பதே பெரும் சாதனையாகிவிடுகின்றது.

1990 இல் நாடு ஒன்றிணைந்தபின் அத்தொழிற்சாலைகள் நிலைகுலைந்தன, பல்லாயிரவர் வேலையிழந்தனர். ஆனால் கற்ற கல்வி அவர்களை விட்டுப் போகவில்லை. அந்த அறிவையும் அரச மானியத்தையும் கணக்கிற்கொண்ட ஏ.எம்.டி. நிறுவனம், டிறெஸ்டனிலே தனது பெருந்தொழிற்சாலையை நிறுவத் தீர்மானித்து, 1996 இல் அத்திவாரமிட்டு, 1999 இல் அதனைத் திறந்து வைத்தது. அவ்வாண்டிலேதான் அத்லோன் என்னும் நுண்செயலியும் வெளிவந்தது. 2000 மார்ச் 6 ஆம் நாள், வினாடிக்கு நூறு கோடித் துடிப்புகள் என்னும் ஒரு கிகாஹேர்ட்ஸ் எல்லையை ஏ.எம்.டி. முதலில் தாண்டியது. இரண்டே நாட்களில் இன்ரெலும் தனது ஒரு கிகாஹேர்ட்ஸ் நுண்செயலியை அறிவித்தது. போட்டியாளர் இல்லாதிருந்தால் அந்த இரண்டு நாட்கள் எத்தனை மாதங்களாகியிருக்குமோ!

அதே ஆண்டில், அலுமினியத்துக்குப் பதிலாகச் செம்பினால் உள்ளிணைப்புகள் அமைந்த அத்லோன் நுண்செயலிகள் டிறெஸ்டனிலிருந்து உலகெங்கும் சென்றன. 2003 இல் இன்னுமொரு திருப்பம் நிகழ்ந்தது. 32 பிற் கணனிகளிலிருந்து 64 பிற் கணனிகளுக்கு மாற வேண்டிய காலம் அது. இன்ரெல், பழைய மென்பொருள்களுக்கு நன்கு பொருந்தாத இற்றேனியம் என்னும் முற்றிலும் புதிய வகையைப் பெரிதாக முன்வைத்திருந்தது. ஏ.எம்.டி.யோ பழையதும் குறைவின்றி இயங்க, புதியதும் சேர்ந்து இயங்கும் வகையில் ஒப்ரெறோன், அத்லோன் 64 என்பவற்றை அமைத்தது. உலகம் இரண்டாமவரின் வழியையே ஏற்றது. 2004 இல் இன்ரெலும் அவ்வழிக்கே வந்து சேர்ந்தது. மாணவச் செல்வங்களே, லினக்ஸ் மென்பொருளை நீங்கள் தரவிறக்கம் செய்யும்போது கோப்பின் பெயரில் ஏ.எம்.டி.64 என்று இருப்பதைக் காணலாம். உங்கள் கணனியில் இருப்பது இன்ரெலின் நுண்செயலியாயினும் அப்பெயரே நிற்கும். அது அந்த 2003 ஆம் ஆண்டின் நினைவுச் சின்னமாகும்.

கடையிலே இல்லாத பொருள்

இத்தனை சிறப்பிருந்தும், டிறெஸ்டனில் ஆக்கப்பட்ட அந்நுண்செயலி பொருத்திய கணனியை ஜேர்மனியின் மிகப் பெரிய மின்பொருட் கடைகளிலே காண முடியாத காலம் ஒன்றிருந்தது. 2002 ஒக்ரோபர் முதல் 2007 டிசெம்பர் வரை, தனது நுண்செயலி பொருத்திய கணனிகளை மட்டுமே விற்க வேண்டும் என்னும் நிபந்தனையுடன், மீடியா மார்க்ட், சாட்டூர்ன் கடைகளை நடத்திய மீடியா-சாட்டூர்ன் நிறுவனத்துக்கு இன்ரெல் பணம் கொடுத்ததாக ஐரோப்பிய ஆணைக்குழு தீர்மானித்தது. கணனி ஆக்கும் நிறுவனங்கள் சிலவற்றோடு செய்த ஏற்பாடுகளையும் சேர்த்து, 2009 மே மாதத்தில் 106 கோடி யூரோ தண்டப்பணம் விதித்தது.

இன்ரெல் இதனை ஏற்காது நீதிமன்றம் சென்றது. ஆணைக்குழுவின் ஆய்வு முழுமையானதன்று என்று கூறி 2022 இல் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் அத்தண்டத்தை நீக்கியது. 2024 ஒக்ரோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. இதற்கிடையே 2023 இல், போட்டியாளரின் நுண்செயலி பொருத்திய கணனிகளைத் தடுக்கவும் தாமதிக்கவும் மூன்று கணனி நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்தமைக்காக 37 கோடியே 60 இலட்சம் யூரோ தண்டத்தை ஆணைக்குழு புதிதாக விதித்தது. ஏ.எம்.டி.யோடு இருந்த வழக்குகளை 2009 நவம்பரிலேயே 125 கோடி டொலர் கொடுத்து இன்ரெல் தீர்த்துக்கொண்டது.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிப்பது நமது வேலையன்று. ஆனால் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். 2002 இல் தொடங்கிய விடயம் 2024 இலும் நீதிமன்றத்தில் இருந்தது. சட்டம் வேண்டும்; ஆனால் சட்டம் மெல்ல நடப்பது. வரைகலை அட்டை ஆக்கும் ஏ.ரி.ஐ. நிறுவனத்தை 2006 இல் 540 கோடி டொலர் கொடுத்து வாங்கிய கடன்சுமையும் சேர்ந்துகொள்ள, 2009 இல் ஏ.எம்.டி. தனது டிறெஸ்டன் தொழிற்சாலைகளைக் கைவிட நேர்ந்தது. அவை குளோபல்பவுண்டறீஸ் என்னும் புதிய நிறுவனத்திடம் சென்றன.

உறங்கிய பத்தாண்டுகள்

இரண்டாமவர் தளர்ந்தபோது நடந்ததென்ன? பொதுமக்கள் வாங்கும் மேசைக் கணனிகளுக்காக இன்ரெல் விற்ற நுண்செயலிகளிலே, 2007 முதல் 2017 வரை, கணிக்கும் கருக்கள் அதிகபட்சம் நான்காகவே இருந்தன. அதற்கு மேல் வேண்டுமாயின் பெரும் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. பத்தாண்டுகள்! விஞ்ஞானம் நின்றுவிட்டதா? இல்லை, துரத்துபவர் இல்லை.

2015 இல் ஏ.எம்.டி.யின் பங்கொன்றின் விலை இரண்டு டொலருக்கும் கீழே இறங்கியிருந்தது. தாய்வானிற் பிறந்து குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் அமெரிக்கா சென்ற லிசா சூ என்னும் பெண் பொறியியலாளர் 2014 முதல் அதற்குத் தலைமை தாங்கிக்கொண்டிருந்தார். பணம் குறைவாக உள்ள வீட்டில் சிக்கனமே புதுமையாவதுண்டு. பெரிய சில்லொன்றைச் செய்யும்போது அதில் ஓரிடத்திற் குறை நேர்ந்தாலும் முழுவதும் வீணாகலாம். சிறியனவாகச் செய்தால் அந்தச் சிறியது மட்டுமே வீணாகும். ஆகவே எட்டுக் கருக்கள் கொண்ட ஒரே வகைச் சில்லை ஆக்கி, அதில் ஒன்றை வைத்து வீட்டுக் கணனிக்கான றைசென் நுண்செயலியையும், நான்கை இணைத்துப் பெருங்கணனிகளுக்கான 32 கரு நுண்செயலியையும் 2017 இல் ஏ.எம்.டி. வெளியிட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் இன்ரெலின் மேசைக் கணனி நுண்செயலிகளும் ஆறு கருக்களைப் பெற்றன. பத்தாண்டுகள் வராதது சில மாதங்களில் வந்தது.

முதலிடம் நிலையானதன்று என்பதற்கும் இவ்வரலாறே சான்று. 2024 இல் இன்ரெல் ஏறத்தாழ 1880 கோடி டொலர் நட்டமடைந்தது. ஜேர்மனியின் மக்டெபூர்க் நகரில் 3000 கோடி யூரோ செலவில் அமைப்பதாக அறிவித்திருந்த தொழிற்சாலைத் திட்டத்தை 2025 ஜூலையில் கைவிட்டது. டிறெஸ்டனிலோ தாய்வானின் ரி.எஸ்.எம்.சி. நிறுவனம், பொஷ், இன்பினியோன், என்.எக்ஸ்.பி. ஆகியவற்றோடு கூட்டாக, 2024 ஓகஸ்ட்டில் புதிய தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டியது.

படம் தீட்டும் அட்டைகள்

வரைகலை அட்டைகளின் கதையும் இத்தகையதே. 1993 இல் தொடங்கிய என்விடியா நிறுவனத்தின் முதலாவது ஆக்கம் 1995 இல் தோல்வியடைந்தது. ஊழியரிற் பாதிக்கு மேற்பட்டோரை நிறுத்த வேண்டி வந்தது. 1997 இன் ஆக்கமே அதனைக் காப்பாற்றியது. அக்காலத்தில் முன்னணியில் நின்ற 3டி.எஃப்.எக்ஸ். நிறுவனத்தின் சொத்துகளை 2000 ஆம் ஆண்டின் இறுதியில் அதே என்விடியா வாங்கியது.

இவ்வட்டைகளின் ஆற்றலைச் சோதித்த விளையாட்டுகளுள் முக்கியமானவை ஜேர்மனியில் ஆக்கப்பட்டவை. துருக்கிய வம்சாவளியினரான யேர்லி சகோதரர் மூவர் கோபூர்க் என்னும் சிறு நகரிலே 1999 இல் தொடங்கிய கிறைரெக் நிறுவனம், 2004 இல் பார் கிறை, 2007 இல் கிறைசிஸ் ஆகிய விளையாட்டுகளை வெளியிட்டது. கிறைசிஸ் சரளமாக ஓடுகின்றதா என்பதே பல ஆண்டுகளாக ஒரு கணனியின் வலிமைக்கு அளவுகோலாயிற்று. இந்நாட்டிற் குடியேறியோரின் பிள்ளைகள் என்ன செய்யலாம் என்பதற்கு இது நமக்கும் ஓர் எடுத்துக்காட்டு.

விளையாட்டுக்காகப் பிறந்த இவ்வட்டைகளே இன்று செயற்கை அறிவுக்கும் விஞ்ஞான ஆய்வுக்கும் அடிப்படை. 2025 செப்ரெம்பரில் யூலிக் ஆய்வு நிலையத்தில் தொடக்கி வைக்கப்பட்ட யூப்பிற்றர் பெருங்கணனியில் ஏறத்தாழ 24,000 என்விடியாச் சில்லுகள் உள்ளன. அதே ஆண்டின் தொடக்கத்தில் ஸ்ருட்காட்டில் இயங்கத் தொடங்கிய ஹண்டர் பெருங்கணனியோ ஏ.எம்.டி.யின் சில்லுகளால் ஆனது. அன்று ஐ.பி.எம். காட்டிய முன்யோசனையை இவ்வேறுபாட்டிலே காணலாம். செயற்கை அறிவுத் துறையில் என்விடியாவின் கை மிகவும் ஓங்கியிருக்கும் இந்நாளில், வாங்குவோர் இரண்டாமவரையும் வாழவைப்பது அவர்களுக்கே நன்மையாகும்.

போட்டிக்கும் ஒரு விலையுண்டு

போட்டி எப்பொழுதும் நன்மையே தரும் என்று நான் வாதிடவில்லை. மியூனிக் நகரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த கிமொண்டா என்னும் நினைவகச் சில்லு நிறுவனம், கடும் விலைவீழ்ச்சியைத் தாங்கமாட்டாமல் 2009 ஜனவரியில் வங்குரோத்தானது. டிறெஸ்டனில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் உழைப்பு ஒரே ஆண்டில் இல்லாமற் போயிற்று. விழுந்தவர் எழுவதற்கு வழியில்லாத போட்டி வெறும் அழிவேயாகும். வேலையிழந்தவருக்கு மறுபயிற்சியும், நலிந்த நிறுவனத்துக்குச் சட்டப் பாதுகாப்பும் இருந்தாற்றான் போட்டி பயன் தரும்.

நமது வீடுகளுக்கும் இதே அளவுகோலைப் பொருத்திப் பார்ப்போம். இந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்போடு பிள்ளைகள் வெவ்வேறு பாடசாலை வகைகளுக்குப் பிரிக்கப்படுகின்றனர். பத்து வயதுப் பிள்ளைக்குக் கிம்னாசியம் கிடைக்கவில்லையென்றால் சில வீடுகளிலே இழவு விழுந்தாற்போன்ற அமைதி நிலவுகின்றது. உறவினருக்குச் சொல்ல வெட்கப்படுகின்றனர். அந்தப் பிள்ளையும் தன்னைத் தோற்றவனாகவே எண்ணி வளர்கின்றது. இது பெருந்தவறு. ஜேர்மனியிலே கல்வி ஒரே கதவோடு மூடிவிடுவதில்லை. தொழில் பார்த்துக்கொண்டே பின்னர் அபிற்றூர் பெறும் வழிக்கு இரண்டாம் கல்விவழி என்றே இந்நாட்டவர் பெயரிட்டுள்ளனர். மைஸ்ரர் பட்டம் பெற்ற தொழிலாளிக்குப் பல்கலைக்கழகமும் திறந்தேயிருக்கின்றது. டிறெஸ்டனின் தூசியற்ற கூடங்களிலே நுண்சில்லுகளை ஆக்கும் கைகளுட் பல, மிக்ரோதெக்னோலோகே என்னும் மூன்றாண்டுத் தொழிற்பயிற்சி பெற்றவர்களின் கைகள். முனைவர் பட்டம் பெற்றவர் வரைந்த சில்லு இவர்களின்றி உருவாகாது.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புள்ளிகளோடு ஒப்பிட்டு உங்கள் பிள்ளையை அதே பாதையில் வேகமாக ஓடச் சொல்லாதீர்கள். முன்னே சென்றவரின் காலடியைப் பார்த்து ஓடியவரையில் ஏ.எம்.டி. பிரதியாளராகவே இருந்தது. தனக்கென ஒரு வழியைக் கண்டபோதுதான் முன்னே சென்றவரும் திரும்பிப் பார்த்தார். உங்கள் பிள்ளையின் வழி எது என்று ஆசிரியரிடமும், அதற்கு முன்பாகப் பிள்ளையிடமும் கேளுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒன்று சொல்வேன். அடுத்த முறை வீட்டுக்குக் கணனியோ வரைகலை அட்டையோ வாங்கும்போது, பெட்டியில் ஒட்டிய பெயரைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். இரு நிறுவனங்களின் பொருளையும் எடுத்து, விலை, வேகம், மின்செலவு மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஒப்பிட்டுப் பெற்றோருக்கு விளக்குங்கள். முதலாவதாக நிற்பவரின் பொருளே சிறந்ததென்று கண்டால் அதனையே வாங்குங்கள், தவறில்லை. ஆனால் ஒப்பிடாமல் வாங்காதீர்கள். வகுப்பிலே உங்களை முந்தும் தோழரையும் பகைவராக எண்ணாதீர்கள். பின்னாலே வரும் தோழரை ஏளனஞ் செய்யாதீர்கள். அவர் உங்கள் பின்னே வரும் காலடியோசையே உங்களை உறங்கவிடாமல் நடத்திச் செல்கின்றது.